5602 துண்டுகள்: தேர்ந்த கைக்கு ஏற்ற ஒட்டுப்போர்வை எது?

வட அமெரிக்காவில் குடியேறிய எம்மவரில் ஒட்டுப்போர்வையைக் காணாதவர் இருக்கமாட்டார். தேவாலய மண்டபங்களிலும், பழைய பொருட்கள் விற்கும் கடைகளிலும், வந்த புதிதில் எமக்கு இடம் தந்த வீடுகளின் கட்டில்களிலும் அதனைக் கண்டிருப்போம். சிறு துணித் துண்டுகளை வெட்டி, ஒரு வடிவம் தோன்றுமாறு ஒன்றோடொன்று பொருத்தி மேல்துணி ஆக்குவர். அதன் கீழே பஞ்சுப்படை ஒன்றும் அதற்கும் கீழே அடித்துணி ஒன்றும் வைத்து, மூன்றையும் ஊடுருவி நெருக்கமாகத் தையலோடுவர். ஆங்கிலத்தில் 'குயில்ற்' என்பது இதனையே. பழஞ்சேலைகளை இரட்டையாக மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரித்த எமது பாட்டிமாருக்கு இதன் பயன் தெரியும். இதில் உள்ள கணக்குத்தான் அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்கும்.

நாம் வாழும் கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்து மென்னோனைற் சமயத்தவர் இக்கலைக்குப் பெயர் பெற்றவர்கள். நியூ ஹம்பேர்க் என்னும் சிற்றூரில் அவர்கள் 1967இல் தொடங்கிய நிவாரண விற்பனையில், பெண்கள் தைத்த போர்வைகள் ஏலத்தில் விடப்பட்டு, அப்பணம் மென்னோனைற் மத்திய குழுவின் பணிகளுக்குச் சென்றது. அகதிகளைத் தனியார் பொறுப்பேற்று அழைக்கும் ஏற்பாட்டின் கீழ் 1979இல் கனடிய அரசுடன் முதன்முதலாக உடன்படிக்கை செய்துகொண்ட அமைப்பும் அதுவே. அச்சமயத்தவருள் ஒரு பகுதியினர் தாமும் 1920களில் சோவியத் நாட்டிலிருந்து வெளியேறி வந்தவர்கள் என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

நாம் இங்கு எழுத முற்பட்டது போர்வையின் வரலாற்றை அன்று. தையலில் பழுத்த கை ஒன்று, தனக்குச் சவாலான வடிவம் ஒன்றைத் தேடும்போது எதனைத் தெரிவு செய்ய வேண்டும் என்பதே கேள்வி. கேள்வியை எம்மிடம் கொண்டுவந்தவர் ஐம்பத்தெட்டு வயது அம்மையார் ஒருவர். ஊரில் பெண்கள் பாடசாலையொன்றில் தையலும் மனையியலும் கற்பித்தவர். இங்கு வந்தபின் பதினான்கு ஆண்டுகள் ஆடைத் தொழிற்சாலையில், துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, சட்டைப்பைகளை மட்டும் தைத்தவர். மாலை வகுப்பொன்றில் சேர்ந்தபோது அவருக்கு ஒன்பது சதுரங்களைப் பொருத்தும் ஆரம்பப் பாடம் கொடுக்கப்பட்டது. ஒரே மாலையில் பன்னிரண்டு கட்டங்களை முடித்து மேசையில் வைத்தார். அடுத்த தவணையிலும் ஆரம்ப வகுப்பிலேயே இருக்குமாறு புன்னகையோடு சொல்லப்பட்டது. தாம் எவ்வளவு தேர்ந்தவர் என்பதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல அவருக்கு இயலவில்லை.

நாம் ஊசியில் நூல் கோத்துப் பழகியவரல்லர். நூலகத்தில் தேடவும், தேடியதைத் தமிழில் சொல்லவும் மட்டுமே தெரிந்தவர். ஆயினும் இக்கேள்வியின் கனத்தை உணர்ந்தோம். பட்டம் பெற்றவன் தனது சான்றிதழை மொழிபெயர்ப்பித்து, முத்திரை குத்துவித்து, ஓர் அதிகாரியின் மேசையில் வைத்து வாதாடலாம். பயன் கிடைப்பது அரிதெனினும் வழி ஒன்று உண்டு. தையற்காரிக்கு அவ்வழியும் இல்லை. அவர் தைத்துத்தான் காட்டவேண்டும். ஆகவே எதைத் தைப்பது என்பதைச் சிறிய கேள்வியாக நாம் கருதவில்லை. பல வாரங்கள் படித்தும், இங்குள்ள போர்வைக்காரப் பெண்களிடம் விசாரித்தும் அறிந்ததை எழுதுகிறோம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. சட்டை தைப்பதில் தேர்ந்தவர் போர்வையிலும் தேர்ந்தவர் என்று கொள்ளமுடியாது. சட்டையில் தையலுக்கென விடும் ஓரம் அரை அங்குலத்துக்கு மேலும் இருக்கும். சற்றுப் பிசகினாலும் உடம்பு அதனை மறைத்துவிடும். ஒட்டுப்போர்வையில் ஓரம் கால் அங்குலமே. ஒவ்வொரு தையலிலும் ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடித்துவிட்டால், இரு பக்கமும் சேர்ந்து எட்டில் ஒரு பங்கு குறையும். எட்டுத் துண்டுகளைக் கொண்ட ஒரு வரிசையில் ஏழு இணைப்புகள். வரிசை முக்கால் அங்குலத்துக்கு மேல் குறுகிவிடும். அடுத்த கட்டத்தில் அவ்வளவு பிசகு இல்லையெனில் இரண்டும் பொருந்தா. கூலிக்குத் தைத்த கைகள் வேகத்துக்குப் பழகியவை. அந்த வேகம் இங்கே முதல் எதிரி என்று அனுபவப்பட்டவர்கள் சொல்கிறார்கள். ஒவ்வொரு தையலையும் இஸ்திரிப்பெட்டியால் அழுத்தி, அளந்து, பிறகே அடுத்ததற்குச் செல்லவேண்டுமாம்.

கடினம் என்பது ஒரே பொருளன்று என்பதே எமது தேடலில் தெரிய வந்த முதலாவது உண்மை. கடைகளில் விற்கும் வடிவங்களின் உறைகளில் இலகு, நடுத்தரம், கடினம் என அச்சிட்டிருப்பார்கள். அதனை நம்பித் தெரிவு செய்வது, பரீட்சைத் தாள் கடினமானதா என்று மட்டும் கேட்டு, எந்தப் பாடம் என்று கேட்காமல் மண்டபத்துக்குள் நுழைவதற்கு ஒப்பாகும்.

'தனி விண்மீன்' என்றும் 'பெத்லகேம் விண்மீன்' என்றும் வழங்கும் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். போர்வை முழுவதையும் நிறைக்கும் எட்டு முனை விண்மீன். எட்டுப் பெரிய சாய்சதுரங்கள். ஒவ்வொன்றும் சிறிய சாய்சதுரங்களால் ஆனது. வரிசைக்கு ஏழு எனக் கொண்டால் ஒரு முனைக்கு 49, எட்டு முனைக்கும் 392. துணியின் பாவுக்கோ ஊடைக்கோ நேராக வெட்டிய விளிம்பு நிலையாக நிற்கும். மூலைவாட்டில் வெட்டியது, தையற்காரர் 'கிறாஸ்' என்பது, தொட்டாலே இழுபடும். சாய்சதுரத்தில் இரண்டு விளிம்புகளேனும் மூலைவாட்டில் விழாதிருக்க முடியாது. அவை தைக்கும்போது சிறிது நீண்டுவிட்டாலும், எட்டு முனைகளும் கூடும் நடுவிடம் தட்டையாகப் படியாமல் கூடாரம்போலக் கிளம்பிவிடும். அதன்பின் எத்தனை முறை அழுத்தினாலும் படியாது. வெட்டுவதற்கு முன் துணிக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்குவது இதற்கு இங்குள்ளவர்கள் கையாளும் உபாயம். வேட்டிக்கும் பருத்திச் சேலைக்கும் கஞ்சி போட்ட எமது பெண்களுக்கு இதனைக் கற்பிக்கத் தேவையில்லை. விண்மீனின் முனைகளுக்கிடையே மூலைச் சதுரங்களைப் புகுத்துவது இன்னொரு சோதனை. தையலை விளிம்புவரை ஓட்டாது கால் அங்குலம் முன்னே நிறுத்தி, துணியைத் திருப்பி, மறுபக்கத்தைத் தைக்கவேண்டும்.

வளைவு வேறொரு பாடம். 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் அமெரிக்காவெங்கும் பரவிய 'இரட்டை மணமோதிரம்' என்னும் வடிவத்தில், சிறு துண்டுகளாலான வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கும். திருமணப் பரிசாகத் தைப்பது மரபு. குழிந்த விளிம்பையும் குவிந்த விளிம்பையும் சுருக்கமின்றி இணைப்பதே இதன் வித்தை. சட்டைக் கையைத் தோளில் ஏற்றித் தைத்தவருக்கு இது பாதி தெரிந்த பாடம். ஒன்பது சதுரத்தில் தொடங்கிய உள்ளூர்ப் பெண்கள் பலர் வளைவைக் கண்டால் அஞ்சுகிறார்கள். எமது தையற்காரிகள் அஞ்சவேண்டியதில்லை. ஆனால் போர்வையின் நாற்புற ஓரமும் அலையலையாக முடிவதால், ஓரப்பட்டியை மூலைவாட்டில் வெட்டியே வைத்துத் தைக்கவேண்டும். இதனிலும் கடினம் வேண்டுவோர்க்கு 'ஊறுகாய்த் தட்டு' என்றொரு வடிவம் உண்டு. அதே வளையங்கள்; வளைவின் துண்டுகள் மட்டும் கூரிய முக்கோணங்களாக இருக்கும். பெயரை மட்டும் கேட்டு எவரும் இலகுவென எண்ணிவிடக்கூடாது.

கூரிய முனைகளே சவாலென்று கொள்பவர்கள் 'கடலோடியின் திசைகாட்டி'யை நாடுவர். பதினாறு முனைகள், முப்பத்திரண்டு முனைகள் எனக் கதிர்கள் நடுவிலிருந்து விரியும். ஒரு முனை மழுங்கினாலும் கண்ணிற் படும். (வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் கரையை அடைந்ததை அறிந்தவர்கள் இப்பெயரில் ஓர் ஈர்ப்புக் கொண்டால் வியப்பில்லை.) இன்று இதனைக் காகிதத்தின்மீது தைக்கிறார்கள். கோடுகள் அச்சிட்ட காகிதத்தின் அடியில் துணியை வைத்து, கோட்டின்மேலேயே சிறு தையலாக ஓட்டி, முடிந்தபின் காகிதத்தைக் கிழித்துவிடுவர். இம்முறையில் முனை தவறாது. முன்பு கடினமாக இருந்த பல வடிவங்கள் இதனால் பொறுமையை மட்டும் கேட்பவையாகிவிட்டன.

அறுகோணங்களாலான 'பாட்டியின் பூந்தோட்டம்' பொறுமையையே கேட்பது. காகித அறுகோணத்தின்மீது துணியை மடித்து நூலோட்டி, விளிம்போடு விளிம்பைக் கையால் இணைப்பது இங்கிலாந்து முறை. பழைய இங்கிலாந்துப் போர்வைகள் சிலவற்றுள் அகற்றப்படாத காகிதங்கள் இருந்து, கடிதத் துண்டுகளும் கணக்குத் தாள்களுமாகப் போர்வையின் காலத்தைக் கணிக்க உதவியிருக்கின்றன. குடிவரவுத் திணைக்களத்தின் தடித்த தாள்களும் உறைகளும் இவ்வேலைக்கு மிகவும் உகந்தவை என்பது எமது எண்ணம். பையிற் போட்டுக்கொண்டு பேருந்திலும் வைத்தியசாலைக் காத்திருப்பறையிலும் தைக்கலாம் என்பதால், நேரம் துண்டு துண்டாகவே கிடைப்பவர்களுக்கு இது நல்ல தெரிவு. நெதர்லாந்துப் பெண்மணி வில்லின் ஹம்மர்ஸ்ரைன் 2013இல் வெளியிட்ட நூலிலுள்ள 'லா பசக்காலியா' இதே முறையில் தைப்பது. பூந்தோட்டத்திலும் பன்மடங்கு நுணுக்கமானது.

பூவேலையிலும் ஊசி மடிப்பிலும் கைதேர்ந்தவர்களுக்கு 1840களிலும் 1850களிலும் அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில் செழித்த 'அல்பம்' போர்வைகள் உள்ளன. இவற்றில் துண்டுகளைப் பொருத்துவதில்லை. மலர்க்கூடை, பறவை, மாலை ஆகியவற்றைத் துணியில் வெட்டி, விளிம்பை ஊசி நுனியால் உள்ளே மடித்துக்கொண்டே, அடித்தளத் துணிமீது கண்ணுக்குத் தெரியாத தையலால் பதிப்பர். கட்டத்துக்குக் கட்டம் வேறு வடிவம். பலவற்றில் கொடுத்தவர்களின் பெயர்களும் மையால் எழுதப்பட்டிருக்கும்.

இவ்வளவையும் அம்மையாரிடம் படங்களோடு காட்டியபோது, மணமோதிரம்தான் அவருக்கு ஏற்றதென்று நாம் எண்ணியிருந்தோம். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "எல்லாம் வடிவுதான் தம்பி. ஆனா, ஒரு வளையம் தைச்சாப் பிறகு அதையேதானே திரும்பத் திரும்பத் தைக்கவேணும்? பதினாலு வருஷம் ஒரே பையைத் தைச்சனான். இனி ஒருக்காத் தைச்சதைத் திரும்பத் தைக்க எனக்கு ஏலாது."

எந்த நூலும் எமக்குச் சொல்லித் தராத அளவுகோல் அது. அதன்பிறகே ஜேன் ஸ்ரிக்கிளின் போர்வையை எடுத்துக் காட்டினோம்.

ஜேன் ஸ்ரிக்கிள் 1817இல் பிறந்து, அமெரிக்காவின் வேர்மொண்ற் மாநிலத்து ஷாவ்ற்ஸ்பரி என்ற கிராமத்தில் வாழ்ந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861இல் மூண்டு 1865இல் முடிந்தது. அதன் நடுவே அவர் முடித்த போர்வை இன்று பெனிங்ரன் நூதனசாலையில் இருக்கிறது. வரிசைக்குப் பதின்மூன்றாகப் பதின்மூன்று வரிசை, 169 சிறிய கட்டங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ நாலரை அங்குலம், உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. சுற்றிலும் 52 முக்கோணங்கள், மூலைகளில் நான்கு கட்டங்கள். ஆக 225. போர்வையில் அவர் தமது பெயரையும் 'போர்க்காலத்தில், 1863' என்பதையும், துண்டுகள் 5602 என்ற எண்ணிக்கையையும் எழுதி வைத்திருக்கிறார். போரைப் பற்றி அவர் எழுதியது அந்த ஒரு சொல்தான். துண்டுகளையோ ஒன்று விடாமல் எண்ணியிருக்கிறார். அதனை வாசித்தபோது நாம் நாட்குறிப்பு எழுதிய காலம் நினைவுக்கு வந்தது. குண்டு விழுந்த நாட்களில் அரிசி விலையை மட்டும் எழுதிவைத்த பக்கங்கள் அதிலுண்டு.

நாலரை அங்குலக் கட்டமொன்றில் சராசரியாக 25 துண்டுகள் எனில் அத்துண்டுகளின் அளவை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். சில கட்டங்கள் நேர்த்தையல், சில வளைவு, சில துணிமேல் துணி பதிப்பது, சில இவை யாவும் கலந்தவை. ஆகவே இப்போர்வை ஒரே பாடத்தில் கடினமானதன்று. ஏறத்தாழ எல்லாப் பாடங்களும் இதிலுண்டு. ஆனால் ஒவ்வொரு பாடமும் நாலரை அங்குலத்தில் முடிந்துவிடும். பிழைத்தால் இழப்பு ஒரு கைப்பிடித் துணி. தனி விண்மீனில் பிழை கடைசியிலேதான் தெரியவரும்; இங்கே அன்று மாலையே தெரிந்துவிடும். தேர்ந்தவர்க்கு இதனைப் பரிந்துரைக்க எமக்குள்ள முதற்காரணம் இதுவே. கிழமைக்கு ஒரு கட்டமெனத் தைத்தால் 225 கிழமைகள், அதாவது நான்கு ஆண்டுகளும் நான்கு மாதங்களும். நான்காண்டென்று கேட்டு நாம் தயங்கினோம், அம்மையார் தயங்கவில்லை.

துணி நொய்ந்துவிட்டமையால் மூலப்போர்வையை ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே காட்சிக்கு வைக்கிறார்கள். எல்லை தாண்டும் பத்திரங்கள் கைக்கு வராத எம்மவர் அங்கு செல்லமுடியாதெனினும் கவலையில்லை. பிரெண்டா பப்படாக்கிஸ் என்பவர் இக்கட்டங்களையெல்லாம் வரைந்து 1996இல் 'டியர் ஜேன்' என்ற பெயரில் நூலாக்கினார். நூலகத்தில் கேட்டுப் பெறலாம். அந்நூல் படிப்படியாக விளக்குவதன்று. படத்தைப் பார்த்துத் தாமே வழி கண்டு தைக்கவேண்டியது. ஆங்கிலம் போதாதவர்க்கு அதுவே ஒரு வசதியும் ஆகிறது. வாசிக்கவேண்டியது குறைவு, கோடு எல்லோருக்கும் ஒரே மொழி.

எல்லோருக்கும் ஜேனின் போர்வை பொருந்துமென நாம் சொல்லமாட்டோம். அடுத்த ஆவணியில் மகளுக்குத் திருமணம் என்பவர் மணமோதிரத்தையே எடுக்கட்டும். கண் மங்கத் தொடங்கியவர்கள் கால் அங்குலத் துண்டுகளோடு போராடாமல் பெரிய சாய்சதுரங்களை நாடலாம். குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருண்டுவிடும் இந்நாட்டில் நல்ல மேசை விளக்கு இல்லாமல் எதையும் தொடவேண்டாம்.

சேலையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அம்மாவின் பழைய சேலையை, சிலர் கூறைச்சேலையையே, வெட்டிச் சேர்க்கலாமா என்று. பழைய பருத்திச் சேலை சேரும். மெல்லியதாயின் பின்னால் மெல்லிய பருத்தித்துணி ஒன்றைக் கொடுத்து வெட்டவேண்டும். பட்டு வழுக்கும், வெட்டிய விளிம்பு நூல் நூலாக உதிரும், சரிகை ஊசியையும் பக்கத்துத் துணியையும் கெடுக்கும், பருத்தியோடு சேர்த்துக் கழுவினால் வேறு அளவில் சுருங்கும். இஸ்திரிப்பெட்டியின் சூட்டில் ஒட்டும் உள்துணியைப் பின்னால் ஒட்டிப் பட்டையும் தைப்பவர்கள் உண்டு. அப்படித் தைத்தது சுவரில் தொங்கவிடுவதற்கு. புதிய வடிவத்தையும் பழகாத துணியையும் ஒரே போர்வையில் கற்க முயலவேண்டாம் என்பதே விசாரித்த இடமெல்லாம் கிடைத்த பதில். கூறைச்சேலையை எடுப்பவர்கள் முதற்போர்வையில் எடுக்கவேண்டாம். பெரிய கட்டிலுக்கான போர்வை ஒன்றுக்கு மேலும் கீழுமாகப் பத்து மீற்றருக்குக் குறையாத துணி வேண்டும். பருத்தியை வெட்டுமுன் கழுவிவிடுவது நல்லது. சிவப்பும் கருநீலமும் சாயம் விடும்.

எந்த வடிவமாயினும் முழுத் துணியையும் வாங்குமுன் மாதிரிக் கட்டம் ஒன்றைக் கழிவுத்துணியில் தைத்துப் பார்க்கவேண்டும். ஒன்று போதாது, மூன்று தைக்கவேண்டும். முதலாவது கையின் பிழைகளைக் காட்டும். இரண்டாவதில் வடிவத்தின் பிழைகள் தெரியும், அச்சிட்ட வடிவங்களிலும் பிழைகள் உண்டு. மூன்றாவதைத் தைக்க மனம் வருகிறதா என்பதைக் கவனிக்கவேண்டும். அம்மையாரின் மூன்று மாதிரிகளையும் நாம் அளவுகோலோடு பார்த்தோம். முதலாவது எட்டில் ஒரு பங்கு குறைந்து நின்றது. மூன்றாவது நாலரை அங்குலத்துக்கு மயிரிழையும் பிசகவில்லை. அவர் அதனைத் திருப்பிப் பின்பக்கத் தையல்களை எமக்குக் காட்டி, இரண்டிடத்தில் இன்னும் தடிப்பாக இருக்கிறதென்று சொல்லி, பிரிக்கத் தொடங்கினார்.